ஒளித்துக் கொடுத்த மருந்து

எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால், பெற்ற அப்பனுக்குத் தெரிவதற்கு முன்பே கிணற்றடிக்குத் தெரிந்துவிடும். நான்கு வீட்டுக்குப் பொதுவாகப் பின்கட்டில் ஒரு கிணறு. குழந்தைத் துணிகளை அங்கேதான் அலச வேண்டும். பட்டு நெய்கிற தெரு அது, சின்ன காஞ்சிபுரத்தில். நிறம் பார்க்கத் தெரியாத பெண் அங்கே ஒருத்திகூடக் கிடையாது. துணியைத் தண்ணீரில் முக்கும்போதே பக்கத்தில் நிற்பவள் சொல்லிவிடுவாள். மாம்பழ மஞ்சளா, கவலையில்லை. கிளிப்பச்சையா, மாந்தம். புடவைக்கு வைத்த பெயர்களையெல்லாம் பிள்ளைகளின் மலத்துக்கும் வைத்துச் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். என் மகளின் துணி கிளிப்பச்சைக்கு மாறிய பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகளுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு குடும்பம். என் கணவரும் அவருடைய அண்ணனும் கூடத்தில் ஆளுக்கு ஒரு குழித்தறி போட்டு நெய்தார்கள். மாமனார், மாமியார் இரண்டு பேரும் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். அதனால் வீட்டுச் சாவி அண்ணன் மனைவியிடம் இருந்தது. முறைப்படி அவள் எனக்கு ஓரகத்தி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவளுக்கு இரண்டு பையன்கள், இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வயது. கை காரியத்தில் கெட்டி, வாய் அதைவிடக் கெட்டி. அவள் குரல் கேட்டால் தறியில் நாடா எறிகிற கைகூட ஒரு நொடி நின்று யோசிக்கும். எனக்கு அவளிடம் பயம், கொஞ்சம் பொறாமை, அவ்வளவுதான். பாசம் என்று சொன்னால் பொய்.

மகளுக்கு வயிறு போக ஆரம்பித்தபோது முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல் முளைக்கிறது என்றார்கள். வசம்பு சுட்டு, ஜாதிக்காய், கடுக்காய் எல்லாம் உரைத்து, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவினார்கள். நின்றது போல் இருந்து மறுபடி போனது. வயிறு போகிற குழந்தைக்கு ஆகாரம் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். காலியான குடல் தானே கட்டிக்கொள்ளும் என்பார்கள். அப்போதுதான் இரண்டு வாய் பருப்புச் சோறு சாப்பிடக் கற்றுக்கொண்டிருந்தாள்; அதையும் நிறுத்தினோம். சாயங்காலம் பள்ளிவாசல் வாசலில் தூக்கிக்கொண்டு போய் நின்றோம். தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி முகத்தில் ஊதிவிட்டுப் போனார்கள். இடுப்பில் ஒரு மந்திரித்த கயிறு ஏறியது. குழந்தை மட்டும் இறங்கிக்கொண்டே போனாள்.

அதோடு மண் தின்கிற பழக்கம் வேறு வந்திருந்தது. தவழ்ந்து போய் தறிக்குழியின் விளிம்பில் குப்புறப் படுத்து, சாணி மெழுகிய மண்ணை நக்குவாள். இழுத்து வந்தால் அழுவாள். விட்டால் நேரே அங்கேதான் போவாள். நெசவுக்காரன் பெண், தறியை இப்போதே ருசி பார்க்கிறாள் என்று கணவர் சிரித்தார். நானும் அதை வேடிக்கை என்றுதான் நினைத்தேன்.

பிறகு கிணற்றடியில் அந்த வார்த்தை வந்தது. சீர் தட்டிவிட்டது என்றார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. சொல்கிறேன், இப்போதுகூடச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. குழந்தை பச்சையாகக் கழிந்து, இளைத்து, தொடையில் தோல் தொங்கி, உச்சிக்குழி பள்ளமானால், அதை வயிற்றுக் கோளாறு என்று யாரும் சொல்லமாட்டார்கள். தீட்டான உடம்போடு யாரோ குழந்தையைத் தொட்டுவிட்டார்கள் என்பார்கள். அந்த யாரோ பெரும்பாலும் பெற்றவளாகத்தான் இருப்பாள். கைக்குழந்தைக்காரி புருஷனோடு படுத்தெழுந்து, குளிக்காமல் பிள்ளையைத் தூக்கியிருப்பாள். அல்லது அதற்குள் அவசரப்பட்டு மறுபடி வயிற்றில் வாங்கியிருப்பாள், உள்ளே இருப்பது வெளியே இருப்பதை உருக்குகிறது. ஆக, என் குழந்தையின் பேதி எங்கள் படுக்கையைப் பற்றிய சேதியாகிவிட்டது. கூடத்தில் தறிக்குழிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற இடம்தான் எங்களுக்கு. அந்த இடத்தைத் தெருவே எட்டிப் பார்ப்பது போல எனக்கு உடம்பு கூசியது. துணி அலச ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போக ஆரம்பித்தேன்.

கூச்சத்துக்குக் காரணமும் இருந்தது. எனக்குக் காலையில் குமட்டியது. பால் வற்றிக்கொண்டு வந்தது. குழந்தை மார்பில் வாய் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, கிடைக்காமல் என்னை நிமிர்ந்து பார்ப்பாள். எனக்கு என்னவென்று தெரிந்துவிட்டது. கணவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தவள் இல்லை நான், ஆனால் அவர் முகம் அப்படிச் செத்துப்போகும் என்றும் நினைக்கவில்லை.

"இப்ப வெளிய சொல்லாத. கொழந்த இந்த நெலமைல இருக்கும்போது இது வேறயான்னு கேப்பாங்க. அண்ணன் மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது? இந்தப் பாவு முடியட்டும், நானே சொல்றேன்" என்றார்.

தறியில் ஏற்றிய பாவு நூல் முழுக்க நெய்து முடிவதற்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. அதுவரைக்கும் என் வயிறு பெரிதாகாமல் காத்திருக்குமா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. மனுஷன் அண்ணன் முகத்தைப் பார்க்கப் பயந்தார், நான் ஊருக்கே பயந்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் குழந்தை கரைந்துகொண்டிருந்தாள்.

ஒரு நாள் அவளுக்கு அழக்கூடச் சத்தம் வரவில்லை. வாயைத் திறக்கிறாள், சத்தம் இல்லை. அன்றைக்குத்தான் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, குழந்தையைப் புடவைத் தலைப்பால் போர்த்திக்கொண்டு கிளம்பினேன். கோயில் திசையில் நான்கு வீடு நடந்து, சந்தில் திரும்பி, நகராட்சித் தாய் சேய் நல விடுதிக்குப் போனேன். எனக்கு அங்கே போக எந்தத் தடையும் யாரும் போடவில்லை. பிரசவத்துக்கு அந்தத் தெருப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் போவார்கள். ஆனால் சீர் தட்டிய குழந்தையை யாரும் அங்கே கொண்டுபோவதில்லை. கொண்டுபோனால், என்ன ஆயிற்று என்று கேட்பார்கள் அல்லவா.

அங்கே இருந்த நர்ஸம்மாவுக்கு மெதுவாகப் பேச வராது. பெஞ்சு நிறைய பெண்கள் உட்கார்ந்திருக்கும்போதே குழந்தையின் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளையாக இருந்தது.

"பாரு, ரத்தமே இல்ல. மண்ணு திங்குதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம் என்று தலையாட்டினேன். உடம்பில் இரும்புச் சத்து இல்லாத குழந்தை அப்படித்தான் மண்ணைத் தேடும் என்றும், மண்ணோடு பூச்சியும் கிருமியும் உள்ளே போய் மறுபடி வயிறு போகும் என்றும், வயிறு போவதால் தின்றது உடம்பில் ஒட்டாது என்றும், சுற்றிச் சுற்றி வருகிற அந்த வளையத்தைச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். என் இமையையும் இழுத்தார். கடைசியாக எப்போது தலைக்கு ஊற்றிக்கொண்டாய் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, அதே குரலில் மூணு மாசம் என்றார். பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. யாரும் எங்கள் தெருக்காரி இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பேதி நிற்பதற்கு முதலில் ஆகாரம் கொடு என்றார். அது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. கஞ்சியை நீர்க்கக் கரைத்து உப்புப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இரு, தண்ணீரைக் காய்ச்சிக் கொடு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஊட்டு, பால் இருக்கிறவரை பாலும் கொடு, வயிற்றில் இன்னொன்று இருப்பதால் பால் ஒன்றும் விஷமாகிவிடாது. வயிறு நின்ற பிறகு பருப்பும் கீரையும் மசித்து ஆரம்பி. அப்புறம் இந்தச் சொட்டு மருந்து. பழுப்புக் கண்ணாடி பாட்டில் ஒன்றைக் கையில் வைத்தார். செம்பழுப்பாக, துருவும் சர்க்கரையும் கலந்த வாசனையோடு இருந்தது. எனக்குத் தனியாக மாத்திரை கொடுத்தார்.

கிளம்பும்போது மறுபடி கூப்பிட்டுச் சொன்னார். "இத குடுத்தா மலம் கறுப்பாப் போவும். பயந்துக்காத. ஆனா பேதியாவறதுக்கு மட்டும் எதுவும் குடுத்துடாத. இன்னொரு தபா வயிறு போச்சுன்னா இது தாங்காது."

வீட்டுக்கு வந்து, கோயிலில் கூட்டம் என்று சொன்னேன். குங்குமம் எங்கே என்று அக்கா கேட்டுவிடுவாளோ என்று சந்தில் நின்று என் நெற்றிக் குங்குமத்தையே தொட்டுக் குழந்தைக்கும் வைத்திருந்தேன். கூசாமல் அந்த வேலையையெல்லாம் செய்தேன்.

கஞ்சிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. பாவுக்குப் போடுவதற்காக அரிசிக் கஞ்சி காய்ச்சுவோம். விடியற்காலையில் தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து உலர்த்துவார்கள். அடுத்த வீட்டுக்காரருக்கும் சேர்த்து அந்த வாரம் எங்கள் அடுப்பில்தான் காய்ந்தது. பாத்திரத்திலிருந்து ஒரு கிண்ணம் எடுத்து, வெந்நீர் விட்டு, உப்புப் போட்டு, ஓரமாக உட்கார்ந்து, பால் புகட்டுகிற பாலாடையால் ஊட்டினேன். பாவு குடிக்கிற கஞ்சியைத் திருடித்தான் என் பிள்ளைக்கு ஊட்டினேன் என்றால் இன்றைக்கு யாராவது நம்புவார்களா. அக்கா ஒரு முறை பார்த்துவிட்டாள். வயிறு போகிற குழந்தைக்குக் கஞ்சியா என்று அதட்டினாள். அழுகிறாள் அக்கா, ஒரு வாய்தான் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

கொஞ்சம் கொஞ்சமாக வயிறு கட்டியது. துணியில் பச்சை போய் மஞ்சள் வந்தது. அழுகையில் சத்தம் வந்தது. அந்த அழுகையைக் கேட்டுக் கணவர் தறியிலிருந்து எழுந்து வந்து அவளைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் சுற்றினார். கயிறு கட்டியதில் பலன் என்று அக்கா சொன்னாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெருமை யாருக்குப் போனால் என்ன, பிள்ளை பிழைத்தால் சரி என்று அன்று நினைத்தேன். பெருமையை விட்டுக்கொடுப்பது எனக்கு எளிதாக இருந்தது. உண்மையைச் சொல்வதுதான் முடியவில்லை.

பிறகு சொட்டு மருந்தை ஆரம்பித்தேன். பாட்டிலை, நாடாவுக்குள் வைக்கிற தாரில் நூல் சுற்றுகிற இராட்டைக்குப் பக்கத்தில், பட்டு நூல் வைக்கிற கூடைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அப்போது இரண்டு தறியிலும் கறுப்புப் புடவைதான் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு உடல், அரக்குக் கரை. வளைகாப்புக்கு உடுத்துகிற புடவை. யாரோ ஒரு வீட்டுப் பெண் அதைக் கட்டிக்கொண்டு கை நிறைய வளையல் அடுக்கி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடுக்கூடத்தில் உட்காரப் போகிறாள், ஊரே சந்தனம் பூசப் போகிறது. அந்தப் புடவைக்கான நூலுக்கு அடியில் நான் என் வயிற்றுச் சேதியை ஒளித்து வைத்திருந்தேன். எனக்கு அதை நினைத்தால் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

நர்ஸம்மா சொன்னபடியே துணி கறுத்தது. நல்ல கறுப்பு, சாயத்தொட்டியிலிருந்து எடுத்தது போல. எழுந்ததும் முதல் வேலையாக அதை அலசிவிடுவேன். இப்படி எத்தனை நாள் ஓட்டுவது என்று நான் யோசிக்கவே இல்லை. ஒளிக்கிறவளுக்கு அன்றைய பொழுது போனால் போதும்.

ஒரு மத்தியானம் நான் அடுப்படியில் இருந்தேன். குழந்தை கூடத்தில் இராட்டைப் பக்கம் தவழ்ந்து போய், கீழே கிடந்த கறுப்புக் கழிவு நூலை எடுத்து வாயில் போட்டுச் சப்பியிருக்கிறாள். அக்கா பார்த்து, வாயில் விரலை விட்டு நூலை இழுத்து எடுத்தாள். எனக்கு வசவு விழுந்தது. பிள்ளை பெற்றால் போதுமா, கண் வேண்டாமா என்றாள். நியாயமான வசவு, வாங்கிக்கொண்டேன். அதே சாயங்காலம், நான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது குழந்தையின் துணியை அக்காவே அவிழ்த்துவிட்டாள்.

அவள் போட்ட சத்தத்தில் குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து பார்த்தார். சாயம் போடுகிற வேலையும் பார்த்தவர் அவர். பார்த்த உடனே, நூலில் இருந்த சாயம்தான், உள்ளே இறங்கிவிட்டது என்றார். பொட்டலச் சாயம் விஷம், குடலில் தங்கினால் பிழைக்காது, உடனே பேதிக்குக் கொடுத்து வெளியேற்ற வேண்டும் என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எங்கள் வீட்டில் கறுப்பு என்றால் அது சாயம்தான். வேறு எங்கிருந்து வரும் கறுப்பு? அந்த வீட்டில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அக்கா ஓடிப்போய் விளக்கெண்ணெயை எடுத்து வந்தாள். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு, பாலாடையில் ஊற்றினாள். கொஞ்சம் அவள் புடவையில் சிந்தியது. இன்னொரு தபா வயிறு போனால் தாங்காது என்று நர்ஸம்மா சொன்னது என் காதில் கேட்டது. "வேணாம்க்கா. சாயம் இல்ல அது. மருந்து" என்றேன்.

என்ன மருந்து என்றார்கள். ஓடிப்போய் நூல் கூடைக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்து வந்து காட்டினேன். அண்ணன் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு சொட்டை விரலில் விட்டுத் தேய்த்தார். என்னிடம் நேராகப் பேசமாட்டார் அவர். தம்பி பெண்டாட்டியோடு பேசுகிற வழக்கம் எங்களில் இல்லை. அக்காவைப் பார்த்து, இது செம்பழுப்பாக இருக்கிறது, சிவப்பு உள்ளே போய் கறுப்பு எப்படி வெளியே வரும், சாயம் தெரிந்தவனிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லு என்றார். பிள்ளையைக் கவனிக்காமல் விட்டவள், திட்டுக்குப் பயந்து ஏதோ டானிக் பாட்டிலைக் காட்டித் தப்பிக்கிறாள் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. நான் கணவரைப் பார்த்தேன். அவர் தறிக்குழிக்குள் உட்கார்ந்தபடி, அறுந்த இழை ஒன்றைத் தேடுவது போலப் பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இழை ஒன்றும் அறுந்திருக்கவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு அவர் மேல் வந்த கோபம் முழுதாக ஆறிவிட்டது என்று இன்றும் சொல்லமாட்டேன்.

அக்கா பாலாடையைக் கீழே வைக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "நல்ல மருந்துன்னா ஏம்மா ஒளிச்சி வச்சிக் குடுத்த?"

அதற்குப் பதில் ஒன்றுதான் இருந்தது. வேறு எதைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். குழந்தை அவள் காலில் கிடந்தபடி, எண்ணெய் வாசனைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை ஆட்டினாள். அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் நான் தலைப்பைக்கூட இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் நடப்பேன்.

"எனக்கு மூணு மாசம்க்கா. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க குடுத்தாங்க. இதுல இரும்பு இருக்குது, கறுப்பாத்தான் போவும்னு சொன்னாங்க" என்றேன்.

அண்ணன் பாட்டிலை மெதுவாக இராட்டைப் பலகைமேல் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. துணியில்லாமல் நடுத்தெருவில் நின்றால்கூட அப்படி இருந்திருக்காது. அக்கா பாலாடையைத் தரையில் வைத்தாள். குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். போகும்போது அவள் முகம் ஒரு மாதிரி கோணியிருந்தது. அருவருப்புதான் அது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி சோறு பரிமாறும்போதுகூட அவள் என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலையில், தெருவில் பாவு விரித்துக்கொண்டிருக்கிற நேரத்தில், அக்கா குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு வந்து குழந்தையை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நட" என்றாள். எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பிறந்த வீட்டுக்குத்தான் அனுப்பப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

அவள் சந்து வழியாகப் போகவில்லை. நேராக நடுத்தெருவில் நடந்தாள். பாவுக்கு இரண்டு பக்கமும் ஆண்களும் பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கே காலங்காத்தால, குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்று ஒருத்தி கேட்டாள். அக்கா நின்றாள். குழந்தைக்கு ரத்தம் இல்லை, வயிறு கெட்டுப்போயிருந்தது, ஆஸ்பத்திரியில் இரும்பு மருந்து கொடுத்திருக்கிறார்கள், அதைக் கேட்டுவரப் போகிறோம், இவளுக்கும் மூணு மாசம், இவளுக்கும் மருந்து வாங்க வேண்டும் என்றாள். சந்தையில் விலை சொல்கிற குரலில் சொன்னாள். கேட்டவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கஞ்சித் துடைப்பத்தைப் பிடித்திருந்த கிழவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வீட்டிலும் கேட்டார்கள், அங்கேயும் நின்று சொன்னாள். மூன்றாவது வீட்டில் கேட்கவே இல்லை, ஆனாலும் சொன்னாள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்று எனக்கு இருந்தது. பழி வாங்குகிறாள், இதைவிட என்னை அடித்திருக்கலாம் என்று நினைத்தபடி, அவள் குதிகாலையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

விடுதியில் அந்த நர்ஸம்மாவே இருந்தார். அக்கா பாட்டிலைக் காட்டி, மலம் கறுப்பது இதனால்தானா என்று தன் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நூலைச் சப்பியதையும் சொன்னாள். நர்ஸம்மா குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்து, ஒன்றுமில்லை, நூல் கூடையை மட்டும் எட்டாத இடத்தில் வையுங்கள் என்றார். கஞ்சி, பருப்பு, கீரை, காய்ச்சிய தண்ணீர் எல்லாவற்றையும் அக்கா மறுபடி ஒன்றொன்றாகக் கேட்டாள். பேதிக்குக் கொடுக்கவே கூடாதா என்றும் கேட்டாள். வயிறு போய் இளைத்த குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது என்றார் நர்ஸம்மா. அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பேச்சுவாக்கில் நர்ஸம்மா, உனக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டார்.

இரண்டு என்று அவள் சொல்வதைத்தான் நான் இதுவரை கேட்டிருக்கிறேன்.

"மூணு. ரெண்டு இருக்குது. மொதப் பொண்ணு வயிறு போயி செத்துப்போச்சி" என்றாள்.

எங்கே காட்டினீர்கள் என்றார் நர்ஸம்மா.

"எங்கயும் காட்டல. பெரிய பையன் அப்ப வயித்துல இருந்தான். சீருன்னு சொல்லுவாங்கன்னு வெளிய எடுத்தாரல. வெளக்கெண்ண நான்தான் ஊத்தினேன்."

குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். நர்ஸம்மா முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி, சரிம்மா என்று மட்டும் சொன்னார். இரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கிணற்றில் துணி அலசியிருக்கிறேன். அப்படி ஒரு பெண் பிறந்து இருந்தது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நேற்று அவள் முகத்தில் பார்த்ததை அருவருப்பு என்று நினைத்தேனே என்று எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தெருவில் பட்ட வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அன்றிலிருந்து சொட்டு மருந்தை அவளேதான் கொடுத்தாள். என் மகள் தேறினாள், மண்ணை மறந்தாள், தம்பி பிறப்பதற்குள் நடக்கவும் ஆரம்பித்தாள். ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அன்று நாங்கள் திரும்பி வந்த வழிதான். வெயில் ஏறிவிட்டது. குழந்தை அவள் தோளில் தூங்கிவிட்டாள். கை வலிக்கும், கொடுங்கள் அக்கா என்று ஒரு தரம் கேட்டேன். அவள் காதில் விழாதது போல நடந்தாள். வீடு வரைக்கும் குழந்தையை என்னிடம் தரவில்லை. நானும் அப்புறம் கேட்கவில்லை.